அச்சகத்துக்குத் தொழில் பழகப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு பழைய கதை



பதிவு கொஞ்சம் நீளம். அவசரம் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ராத்திரி படியுங்கள்.

இந்தக் கோடையில் மூன்று தாய்மார்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "டீச்சர், பொண்ணு காலேஜ்ல கிராஃபிக் டிசைன் படிக்குது. ஒரு மாசம் இன்டர்ன்ஷிப் போகணுமாம். திருவொற்றியூர்ல ஒரு பிரிண்டிங் கடையச் சொல்றாங்க. சம்பளம் கிடையாதாம். பிரிண்டிங் கடையில போய் நிக்கறதுக்கா இவ்ளோ ஃபீஸ் கட்டுனோம்?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன். என் பதில்: பிள்ளையைத் தாராளமாக அனுப்புங்கள். ஆனால் சும்மா நிற்க அனுப்பாதீர்கள். இதற்கான காரணம் அச்சுத்தொழிலின் வரலாற்றிலேயே இருக்கிறது.

அத்திப்பட்டு என்றதும் "சிட்டிசன் படத்துல காணாமப் போச்சே, அந்த ஊரா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அத்திப்பட்டி, சினிமாக் கதை. எங்கள் அத்திப்பட்டு, அனல் மின்நிலையமும் துறைமுகமும் கன்டெய்னர் லாரியும் புழுதியுமாக, இருந்த இடத்திலேயே இருக்கிறது. இங்கே தொழில் பழகுவது என்றால் ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன். 'அப்ரண்டிஸ்' என்ற சொல் வீட்டுக்கு வீடு தெரியும். அச்சகத்திலும் அந்தச் சொல் உண்டு, அதற்கு ஒரு நீண்ட கதையும் உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாது.

*கப்பலில் வந்த அச்சு*

தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. 1578-ல் கொல்லத்தில் அச்சானது. 16 பக்கம். செய்தவர் போர்ச்சுகல் நாட்டுப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார். இந்திய மொழி எழுத்துகளில் இந்தியாவில் முதலில் அச்சேறியது நம் எழுத்துதான். நம் பிள்ளைகள் இதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் ஒரு பெரிய இடைவெளி. 1706-ல் தரங்கம்பாடிக்கு சீகன்பால்கு வருகிறார். அவருக்காக லண்டனிலிருந்து ஓர் அச்சு இயந்திரமும் அதை ஓட்ட ஓர் அச்சுக்காரரும் கப்பல் ஏறினார்கள். வழியில் பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து மீண்டு புறப்பட்ட பிறகு அச்சுக்காரர் கடல் பயணத்திலேயே இறந்துபோனார். 1712-ல் இயந்திரம் வந்து இறங்கிவிட்டது, ஓட்டத்தான் ஆள் இல்லை. கடைசியில் டேனிஷ் கம்பெனிப் படையில் இருந்த ஒரு சிப்பாய்க்கு அச்சு வேலை கொஞ்சம் தெரியும் என்று தெரிந்து, அவரை வைத்து வேலையைத் தொடங்கினார்கள்.

தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பினார்கள். வந்து பார்த்தால் எழுத்து ரொம்பப் பெரிசு. அந்த அளவில் அடித்தால் காகிதம் தாங்காது. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முழுதாகத் தமிழில் வந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எழுத்து அளவு, காகிதச் செலவு, பக்கத்தில் எத்தனை வரி என்ற கணக்கெல்லாம் ஹாலேயில் மேசைமேல் வரைந்தபோது யாருக்கும் தெரியவில்லை. தரங்கம்பாடியில் தாளில் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கம்ப்யூட்டர் திரையில் அழகாகத் தெரிவது தாளில் எப்படி வரும் என்பது இன்றைக்கும் கடைக்குப் போனால்தான் தெரியும்.

1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரத்தையும் சென்னைக்குத் தூக்கி வந்தார்கள். வேப்பேரியில் இருந்த பப்ரிசியுஸ் பாதிரியார் அதைக் கேட்டு வாங்கினார். கம்பெனியின் வேலை வந்தால் அதை அடித்துத் தரவேண்டும் என்பது நிபந்தனை. அந்த வேப்பேரி அச்சகத்திலிருந்துதான் 1779-ல் அவருடைய தமிழ் அகராதி வந்தது. சென்னைப் பட்டணத்தின் அச்சுத்தொழில் இப்படித் தொடங்கியது.

*எழும்பூர் மணல்*

அடுத்தது, ஆசிரியர் என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

1789-ல் எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதி ஒன்று தொடங்கியது. கம்பெனிச் சிப்பாய்களுக்குப் பிறந்து, ஆதரவில்லாமல் நின்ற பிள்ளைகளுக்கானது. அதன் பொறுப்பில் இருந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். விடுதியில் வாத்தியார்கள் குறைவு, இருந்தவர்களும் சரியாகச் சொல்லித் தரவில்லை. ஒருநாள் அவர் உள்ளூர்த் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் விடுதியில் கொண்டுவந்தார். தெரிந்த பையன் தெரியாத பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் வைத்தார். நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையைத்தான் சொல்கிறேன். 1796-ல் ஊர் திரும்பி, 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் பரவியது. எங்கள் ஆசிரியர் பயிற்சியில் கல்வி வரலாறு பாடத்தில் இது ஒரு பத்தி. நம் மணலும் நம் சட்டாம்பிள்ளையும் கடல் தாண்டிப் போன கதையை ஒரே பத்தியில் முடித்துவிட்டார்களே என்று அப்போதே தோன்றியது.

அந்த எழும்பூர் விடுதியின் பெயரிலேயே ஓர் அச்சகமும் இருந்தது. 'அசைலம் பிரஸ்' என்பார்கள். அது வெளியிட்ட பட்டணத்து ஆண்டுக் கையேடு அந்தக் காலத்தில் ரொம்பப் பிரபலம். எந்தத் தெருவில் யார் இருக்கிறார், எந்த அலுவலகத்தில் யார் அதிகாரி என்று தேடுபவர்களுக்கு இன்றும் அதுதான் ஆதாரம்.

மணலில் எழுத்துப் பழகுவதும் ஈயத்தில் எழுத்துக் கோப்பதும் ஒரே விடுதியின் பெயரில் சேர்ந்து நின்றதை யோசித்துப் பாருங்கள். எழுத்தைக் கற்பதற்கும் எழுத்தைத் தொழிலாகச் செய்வதற்கும் நடுவே ஒரு தெருகூட இல்லை.

*வாத்தியார் அச்சகம் வைத்தது*

1812-ல் திருக்குறள் முதன்முதலாகச் சென்னையில் அச்சானது. அச்சிட்டவர் தஞ்சாவூர்க்காரர் ஞானப்பிரகாசன். 1835-ல் அச்சகங்கள்மேல் இருந்த கட்டுப்பாடுகள் விலகிய பிறகு நம்மவர்கள் நடத்தும் அச்சகங்கள் பெருகின.

அவர்களில் ஒருவரை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அவரும் வாத்தியார். யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர். வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் நடத்தியவர். பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் இல்லை. ஏட்டுச்சுவடியை வைத்துக்கொண்டு 50 பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது? 1849-ல் தன் மாணவர் சதாசிவப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வந்தார். இங்கே சூடாமணி நிகண்டு உரையையும் சௌந்தரியலகரி உரையையும் அச்சிட்டார். அச்சு இயந்திரத்தோடு ஊர் திரும்பி, 'வித்தியாநுபாலன யந்திரசாலை' என்று அச்சகம் தொடங்கினார். பாலபாடங்கள் வந்தன. பின்னாளில் சென்னையில் தங்கசாலைத் தெருவிலும் அச்சகம் வைத்தார்.

அரைப்புள்ளி, காற்புள்ளி, கேள்விக்குறி எல்லாம் போட்டுத் தமிழ் உரைநடையைப் படிக்க எளிதாக்கியவர்களில் அவர் முதன்மையானவர். ஏட்டில் இடைவெளியும் கிடையாது, புள்ளியும் பெரும்பாலும் கிடையாது. அச்சுப் பக்கத்தில் எங்கே மூச்சு விடவேண்டும் என்று வாசிப்பவருக்குக் காட்ட வேண்டியிருந்தது. இன்றைக்கு 'லே-அவுட்' என்கிறீர்களே, அதுதான் இது. படிக்கிறவர் கண் தடுக்காமல் போக வழி செய்வது. முதல் வகுப்புப் பிள்ளையை மனசில் வைத்துக்கொண்டு பக்கம் அமைத்தவர் அவர்.

அதே காலத்தில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் ஹண்ட் என்பவர் தமிழ் எழுத்துகளைச் சிறிதாகவும் தெளிவாகவும் செய்து காட்டினார். 1862-ல் வெளிவந்த வின்சுலோ அகராதி அங்கே அச்சானதுதான். 67 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். நூலகத்தில் பழைய பிரதி கிடைத்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்தப் பக்க அமைப்பைப் பார்ப்பதே ஒரு பாடம்.

*கேஸ் முன்னால் நின்ற பையன்கள்*

பெரியவர்கள் கதை போதும். வேலை பழக வந்த பையன்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

பழைய அச்சகத்தில் ஈய எழுத்துகள் 'கேஸ்' எனப்படும் மரத்தட்டில், சின்னச் சின்ன அறைகளில் கிடக்கும். ஆங்கிலத்துக்குச் சில தட்டுகள் போதும். தமிழுக்கு உயிர்மெய் எல்லாம் சேர்ந்து அறைகள் கண்ணைக் கட்டும். கம்பாசிட்டர் இடதுகையில் 'ஸ்டிக்' பிடித்துக்கொண்டு, வலதுகையால் ஒவ்வோர் எழுத்தாக எடுத்துக் கோப்பார். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இருக்கும். அதையும் தலைகீழாக வைத்துக் கோத்து, அப்படியே படிக்கவும் வேண்டும்.

புதிதாக வரும் பையனுக்கு முதலில் கோர்க்கத் தரமாட்டார்கள். அச்சடித்து முடிந்த பக்கத்தைக் கொடுத்து எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறையில் போடச் சொல்வார்கள். 'டிஸ்ட்ரிபியூஷன்' என்று பெயர். பார்க்க எடுபிடி வேலை மாதிரி இருக்கும். உண்மையில் அதுதான் பாடம். ஆயிரம் எழுத்தைப் பிரித்துப் போட்டவன் கைக்கு 'ழ' எங்கே, 'ற்' எங்கே என்று கண் பார்க்காமலே தெரியும். தப்பான அறையில் ஓர் எழுத்தைப் போட்டால் அடுத்த நாள் கோர்ப்பவரின் பக்கத்தில் பிழை வரும், திட்டு விழும். அதன் பிறகு கோர்ப்பது, புரூஃப் எடுப்பது, திருத்துவது, டிரெடில் மெஷினில் தாள் கொடுப்பது என்று படிப்படியாக ஏறுவான். ஈயம் கையோடு வயிற்றுக்குள் போகக்கூடிய விஷம் என்பதால், கை கழுவாமல் சாப்பிடாதே என்று பெரியவர்கள் சொல்வதும் அந்தப் பாடத்தில் சேர்த்தி.

இப்படிக் கேஸ் முன்னால் நின்றவர்களில் இரண்டு பேரை எல்லோருக்கும் தெரியும்.

ஒருவர் ம.பொ.சிவஞானம். சென்னையில் 1906-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. கூலி வேலைகள் செய்து, பிறகு அச்சகத்தில் கம்பாசிட்டர் ஆனார். பிற்காலத்தில் சிலம்புச் செல்வர் என்று நாடே கொண்டாடியது. நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணி 1960-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்ததில் அவருடைய போராட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 'வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு' என்ற அவருடைய நூலுக்கு 1966-ல் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. வள்ளலார் நம் பக்கத்து மனிதர். ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடையாய் நடந்தவர். 1851-லேயே 'ஒழிவிலொடுக்கம்' நூலைப் பதிப்பித்து அச்சில் கொண்டுவந்தவர். அவரைப் பற்றி மூன்றாம் வகுப்பு படித்த ஒரு கம்பாசிட்டர் நூல் எழுதி விருது வாங்கினார் என்றால், அந்த அச்சகம் அவருக்குப் பள்ளிக்கூடமாகவும் இருந்திருக்க வேண்டும்.

இன்னொருவர் ஜெயகாந்தன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்து, அங்கே அச்சக வேலை பார்த்தவர். பின்னாளில் ஞானபீட விருது பெற்றார்.

எல்லாக் கம்பாசிட்டரும் எழுத்தாளர் ஆகவில்லை, ஆகவும் வேண்டாம். ஆனால் அடித்த தாளைப் படிக்கவும், பிழை பார்க்கவும், பெரியவர்கள் பேசுவதைக் கேட்கவும் அங்கே இடம் இருந்தது. பையன் உழைப்பைக் கொடுத்தான், கடை தொழிலையும் கொஞ்சம் கூலியையும் கொடுத்தது. அந்தக் கொடுக்கல் வாங்கல் நியாயமாக நடந்த இடத்தில் ஆள் உருவானான். நடக்காத இடத்தில் டீ வாங்கி வந்தே வயசு போனவர்களும் உண்டு. பழைய காலம் எல்லாம் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன்.

எழுத்துச் சீர்திருத்தத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரியார் 1935-லேயே 'குடிஅரசு' இதழில் மாற்று எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கினார். ணா, றா, னா முதலிய எழுத்துகளுக்கும், யானைத் துதிக்கை மாதிரி கொம்பு வளைந்த லை, ளை, ணை, னை எழுத்துகளுக்கும் தனித்தனி அச்சு தேவைப்பட்டது. அவற்றை மற்ற எழுத்துகள்போல் துணைக்கால், இணைக்கொம்பு வைத்து எழுதினால் அறைகள் குறையும், பிள்ளைக்கும் படிக்க எளிது. 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு இதை ஆணையாகவே போட்டது. நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்த காலம் அது. பழைய 'லை' போட்ட அட்டைகளை ஒதுக்கிவிட்டுப் புதிய 'லை'யில் மறுபடி எழுதினோம். கம்பாசிட்டரின் கைவலியும் முதல் வகுப்புப் பிள்ளையின் குழப்பமும் ஒரே ஆணையில் தீர்ந்தது.

*தீப்பெட்டி லேபிள்*

அத்திப்பட்டில் ரயில் ஏறினால் புதுநகர், எண்ணூர், கத்திவாக்கம், அடுத்து விம்கோ நகர். தினமும் அந்தப் பெயரைப் படிக்கிறோம். விம்கோ என்றால் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, ஸ்வீடன் முதலீட்டில் வந்த தீப்பெட்டி நிறுவனம். அந்தப் பெரிய கம்பெனியோடு போட்டி போட்டது எங்கோ தெற்கே இருந்த சிவகாசி. அந்தப் போட்டிக்குள் ஓர் அச்சுக் கதை இருக்கிறது.

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைப் பழகி வந்தார்கள். நம் பிள்ளைகள் பாஷையில் சொன்னால் இன்டர்ன்ஷிப்தான். ஊருக்கு வந்து தீப்பெட்டி செய்தார்கள். தீப்பெட்டிக்கு மேலே ஒட்ட லேபிள் வேண்டும். லேபிள் வெளியிலிருந்து வந்தால் செலவு. அதனால் லேபிள் அடிக்க அச்சகம் வந்தது. அச்சகம் வந்ததும் காலண்டர் வந்தது, டைரி வந்தது, இந்தியா முழுக்க வேலை வந்தது.

அந்தக் காலண்டர்களில் வந்த சாமி படங்களை வரைந்தவர்களில் தலையானவர் கோவில்பட்டி கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். கோவில்பட்டியில் அவரைச் சுற்றி ஒரு சீடர் கூட்டமே இருந்தது. குருவோடு இருந்து, வண்ணம் கலக்கி, அவர் வரைவதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள். நம் வீட்டுப் பூஜை அறையில் இருந்த முருகனும் லட்சுமியும் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தின் கையிலிருந்து வந்தவர்கள்தான்.

*ஈயம் போய் மவுஸ் வந்தது*

1980-களின் கடைசியிலும் 90-களிலும் ஆஃப்செட்டும் டி.டி.பி.யும் பரவின. ஈய எழுத்தை எடைக்குப் போட்டார்கள். கைவேகத்துக்குப் பெயர்போன கம்பாசிட்டர்கள் பலர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரத் தயங்கி, பைண்டிங்குக்கும் வாட்ச்மேன் வேலைக்கும் போனார்கள். உட்கார்ந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். இருபது வருடம் எழுத்தோடு பழகியவருக்கு எந்த இடத்தில் சொல் உடையக்கூடாது, எங்கே வரி நெருக்குகிறது என்பது மவுஸ் பிடிக்கும் முன்பே தெரியும்.

அப்போது ஒவ்வொரு மென்பொருள் கம்பெனியும் தன் தமிழ் ஃபான்ட்டுக்குத் தன் இஷ்டத்துக்குக் குறியீடு வைத்தது. ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டிற்குப் பிறகு தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது. ஆனாலும் இன்றைக்குத் தெருக்கடைகளில் பழைய ஃபான்ட் இன்னும் ஓடுகிறது. யூனிகோடில் அடித்ததைப் பழைய டிசைன் மென்பொருளில் ஒட்டினால் 'கொ'வின் கொம்பு இடம் மாறி நிற்கும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் கெட்டுவிட்டால் யார் பொறுப்பு? இதைக் கல்லூரி லேபில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடியாது. கடையில் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும்.

திரையில் பளபளக்கும் பச்சை, தாளில் மங்கி வரும். திரைக்கு மூன்று வண்ண ஒளி, அச்சுக்கு நான்கு வண்ண மை. ஓரத்தில் வெட்டுவதற்கு இடம் விடாமல் டிசைன் செய்தால் கட்டிங் மெஷினில் எழுத்து போய்விடும். ஆயிரம் பிரதி அடித்த பிறகு கண்டுபிடித்தால் காகிதக் காசு போச்சு. ஹாலேயில் வார்த்த பெரிய எழுத்து நினைவுக்கு வருகிறதா? அதே பாடம்தான்.

*பெயர் போடும் தொழில்*

டிசைன் என்பது அழகு சம்பந்தப்பட்டது மட்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இதில் சட்டப் பொறுப்பும் இருக்கிறது. 1867-ல் வந்த அச்சகச் சட்டம், அச்சடித்தவர் பெயரும் அச்சடித்த இடமும் புத்தகத்தில் இருக்கவேண்டும் என்றது. அதற்குப் பதிலாக 2023-ல் புதிய சட்டம் வந்துவிட்டது. ஆனால் தேர்தல் நோட்டீஸ், போஸ்டர் என்றால் அச்சடித்தவர், வெளியிட்டவர் இருவர் பெயரும் முகவரியும் இன்றும் கட்டாயம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில், சாலை நடுவில் கட்டியிருந்த ஒரு கல்யாண பேனர் ஸ்கூட்டரில் போன இளம்பெண்மேல் விழுந்தது. அவர் கீழே விழுந்து, பின்னால் வந்த லாரி ஏறி இறந்துபோனார். அந்த பேனரை அடித்த கடைக்கும் சீல் வைத்தார்கள். அந்த பேனருக்கும் யாரோ ஒரு பிள்ளை உட்கார்ந்து டிசைன் செய்திருக்கும். எதை அடிக்கிறோம், அனுமதி இருக்கிறதா, எங்கே கட்டப் போகிறார்கள் என்று கேட்கும் பழக்கமும் தொழில் பழகுவதில் ஒரு பகுதி.

*சட்டம் என்ன சொல்கிறது*

இப்போது அந்தத் தாய்மார்களின் கேள்விக்கு வருகிறேன்.

நம் நாட்டில் 1961-ல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. அதன்கீழ் சேரும் பிள்ளைக்கு எழுத்துமூலம் ஒப்பந்தம் உண்டு, பயிற்சிக் காலம் உண்டு, உதவித்தொகை உண்டு. 2019-ல் விதிகளைத் திருத்தியபோது குறைந்தபட்ச உதவித்தொகையைப் படிப்புக்குத் தகுந்தபடி மாதம் 5,000 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய் வரை வைத்தார்கள். அதில் ஒரு பங்கை அரசே தரும் திட்டமும் இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் கட்டாயம் அப்ரண்டிஸ் எடுக்கவேண்டும். 4 முதல் 29 பேர் இருந்தால் விருப்பப்பட்டால் எடுக்கலாம்.

நம் தெருக்கடையில் எத்தனை பேர்? முதலாளி, ஒரு டிசைனர், ஒரு மெஷின்காரர். சட்டத்தின் கணக்குக்குள் வராத கடைகள்தான் நம் பக்கத்தில் அதிகம். கல்லூரி சொல்லும் 'இன்டர்ன்ஷிப்' இந்தச் சட்டத்தின்கீழ் வருவதும் இல்லை. கடைக்காரர் காசு தரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. துறைமுகத்திலும் மின்நிலையத்திலும் அப்ரண்டிஸ் போகும் பக்கத்து வீட்டுப் பையனுக்கு மாதம் பணம் வருகிறது, பிரிண்டிங் கடைக்குப் போகும் உங்கள் பெண்ணுக்கு ரயில் சீசன் டிக்கெட்கூட வீட்டுக் காசு. வித்தியாசம் இங்கேதான் வருகிறது.

காசு வராத இடத்தில் பாடமாவது வரவேண்டும். என்னிடம் படித்த ஒரு பெண் 30 நாள் ஒரு கடைக்குப் போனாள். ஜெராக்ஸ் எடுத்தாள், டெலிவரி பில் எழுதினாள், கடைசி நாள் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வந்தாள். "டீச்சர், அந்த பெரிய மெஷின் எப்படி ஓடுதுன்னு கிட்டப் போயே பார்க்கல" என்றாள். அது எனக்கு மனசு ஆறவில்லை. டிஸ்ட்ரிபியூஷன் செய்த அந்தக் காலத்துப் பையனுக்கு எடுபிடி வேலைக்குள்ளேயே பாடம் இருந்தது. ஜெராக்ஸ் மெஷின் பட்டனில் என்ன பாடம் இருக்கிறது?

ஆகவே பெற்றவர்களே, சேரும் முதல் நாளே கடைக்காரரிடம் மரியாதையாக இவற்றைக் கேளுங்கள்:

1. பிள்ளைக்குச் சொல்லித்தரப் போகிறவர் யார்? ஒருவர் பெயரைச் சொல்லட்டும்.

2. ஒரு வேலையாவது, வாடிக்கையாளர் பேசுவதிலிருந்து டிசைன், புரூஃப், அச்சு, கட்டிங், டெலிவரி வரை பிள்ளை கூடவே இருந்து பார்க்க முடியுமா?

3. தமிழ் புரூஃப் பார்க்கக் கொடுப்பீர்களா?

4. பஸ், ரயில் செலவுக்காவது ஏதாவது தரமுடியுமா? முடியாது என்றால் வேலை நேரத்தைக் குறைக்க முடியுமா?

5. பெண்பிள்ளை என்றால் ராத்திரி எத்தனை மணிக்கு விடுவீர்கள்? கழிப்பறை இருக்கிறதா? இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். தேர்தல் நேரம், முகூர்த்த நேரம் என்றால் அச்சகத்தில் விடிய விடிய வேலை ஓடும்.

பிள்ளைகளே, நீங்களும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் அன்றைக்குக் கெட்டுப்போன தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி ஒட்டி, ஏன் கெட்டது என்று கீழே எழுதுங்கள். மாதக் கடைசியில் சர்டிபிகேட்டைவிட அந்த நோட்டுதான் உங்களுக்கு வேலை வாங்கித் தரும்.

அச்சுத்தொழிலையே பெரிதாகப் படிக்க ஆசை இருந்தால் தரமணியில் அச்சுத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டயப் படிப்பு இருக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டப் படிப்பாகவே இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் டி.டி.பி. ஆபரேட்டர் பிரிவு இருக்கிறது. ஐ.டி.ஐ. வழியாகப் போனால் பெரிய அச்சகங்களில் உதவித்தொகையோடு அப்ரண்டிஸ் சேரும் வாய்ப்பும் உண்டு.

கடைக்கார சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் படிப்பு ஏறாமல், யாரோ ஒரு மாஸ்டரிடம் கை பழகி மேலே வந்தவர்கள். அந்த மாஸ்டர் உங்களை மெஷினுக்குப் பக்கத்தில் விட்டார். வருகிற பிள்ளையையும் நீங்கள் மெஷினுக்குப் பக்கத்தில் விடுங்கள்.

எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம், தங்கசாலை பக்கம் கம்பாசிட்டராகவோ பிளாக் மேக்கராகவோ வேலை பார்த்த பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், முதன்முதலில் அச்சகத்தில் என்ன வேலை கொடுத்தார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். வருகிற வருடம் இன்டர்ன்ஷிப் போகும் பிள்ளைகளுக்கு அதைப் படித்துக் காட்டுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
அத்திப்பட்டு.